அவசரத்துக்கு ஓர் அட்டை

சென்ற ஆண்டு இறுதியில், செனாய் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் மின்னணுத் தொழிற்சாலையில் நடந்தது இது. அப்போது நான் ஓர் உற்பத்தி லைனுக்கு லீடர். பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் படுத்துக் கிடந்த மகளை, கெஞ்சிக் கூத்தாடி அதே லைனில் தற்காலிக வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அவள் படிப்பது என்னவோ கணக்கியல்தான். வாயைத் திறந்தால் வருவதெல்லாம் முதலாளித்துவம், சுரண்டல், சோசலிசம்.

காலையில் தொழிற்சாலை பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

“ஒரு நாளைக்கு இந்த ஃபேக்டரி வேலை செய்யுறவங்களுக்கே சொந்தமாகும்மா. பாஸ்னு ஒருத்தர் இருக்க மாட்டாங்க.”

“அப்ப டாய்லெட் யாரு கழுவுவா?”

“எல்லாரும் முறை வச்சுக் கழுவுவோம்.”

“நல்லது லா. முதல்ல நம்ம வீட்டுல ஆரம்பி.”

பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கோ, யாராவது மேலே போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார். கழிவறைக்குப் போகிறவர் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு லைனுக்கு ஒரே அட்டை. போனவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். என் மேசைக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கும்; காவல் நான். எனக்கு இனிப்புநீர் வியாதி வேறு; அடிக்கடி போக வேண்டும். ஆனாலும், “மேலிடத்து உத்தரவு, பொறுத்துக்குங்க,” என்று எல்லாரையும் அடக்கி வைத்திருந்தேன், என்னையும் சேர்த்து.

ஒரு திங்கட்கிழமை, காலை ஓய்வில் குடித்த ஒரு கிளாஸ் தே தாரேக் டீ தன் வேலையைக் காட்டியது. அட்டையை எடுக்கத் திரும்பினால், ஆணிக்கு முன்னால் என் லைன் முழுவதும் வரிசை பிடித்து நிற்கிறது. கோஷம் இல்லை, சண்டை இல்லை. வேலை செய்ய மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. “கார்டுக்கு நிக்கிறோம்க்கா,” என்றார்கள் பணிவாக. வரிசையின் கடைசியில், பாலைக் குடித்துவிட்ட பூனை மாதிரி என் மகள்.

யார் யோசனை என்று புரிந்துவிட்டது. திட்டத்தான் நேரமில்லை. “வழி விடுங்க, வழி விடுங்க!” என்று முண்டியடித்து அட்டையைப் பிடுங்கி, அது நசுங்காமல் இருக்கக் கையை உயர்த்திக்கொண்டு கூட்டத்திலிருந்து வெளியே வந்தேன். அதே நொடியில் மேனேஜர் உள்ளே வந்தார். நின்றுபோன லைன், அணிவகுத்த பெண்கள், எல்லாருக்கும் முன்னால் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நான்.

“அக்கா, நீங்களா?” என்றார். அவரும் நம்ம தமிழர்தான், என்னைவிட வயதில் சிறியவர்.

“அவசரம் சார்.”

“எல்லாருக்குமா?”

என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். எலும்பு வரை குளிரும் ஏர்கோன். உட்கார வைத்து, கோப்பி வேறு கலக்கிக் கொடுத்தார். அதைப் பார்க்கவே எனக்குக் கண் கலங்கியது.

“நாம எல்லாம் ஒரே குடும்பம் லா அக்கா. குடும்பத்துக்குள்ள இப்படிச் செய்யலாமா?”

வேறு வழியில்லாமல் கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டேன். அவர் முகம் சுருங்கியது. அத்தனை வருடத்தில் அவர் முன்னால் நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

“யாரு ஆரம்பிச்சதுன்னு ஒரு பேரு சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது.”

“போயிட்டு வந்து சொல்றேன் சார்.”

“சொல்லிட்டுப் போங்க.”

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மகள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூனைக் களை எல்லாம் போய், முகம் வெளிறியிருந்தது. சொன்னால் அவளை வெளியே அனுப்புவார்கள். பல்கலைக்கழகத்துக்கும் எழுதுவார்களோ என்னவோ. சொல்லாவிட்டால், அந்த நாற்காலியிலேயே என் மானம் போய்விடும். அவள் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“நான்தான் சார்! நான்தான் ஆரம்பிச்சேன்!” என்று கத்திவிட்டு, அட்டையை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். வழியில் யாரோ கைதட்டினார்கள். நின்று பார்க்கும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் ஆணியில் அட்டை இல்லை. சட்டத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். என் லீடர் பதவியையும் அப்படியே எடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கம்மாதான் உண்மையான தோழர்,” என்று எல்லாரிடமும் சொன்னாள். “மாலை போடுறதா இருந்தா என் மூத்திரப்பைக்குப் போடு,” என்றேன். பஸ்ஸே சிரித்தது.

நானும் சிரித்தேன். ஆனால் இன்னும் ஒரு நிமிடம் அந்த அறையில் இருந்திருந்தால் அவள் பெயரைச் சொல்லியிருப்பேன். அதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை ஒரு தாய் காட்டிக்கொடுக்க அடியும் உதையும் வேண்டியதில்லை, அந்தத் தாய் எப்போது எழுந்து போகலாம் என்பதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.