கோயிலுக்கு விட்ட மான்கள்

என் கணவருக்குக் காட்டிலாகாவில் கார்டு வேலை. காடு என்றதும் யானை, புலி என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மணல் மேடுகளான தேரியும் உடைமரமும் கண்ணுக்கெட்டிய வரை பனையும்தான் அவருடைய காடு. நான் அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். படிப்புக்குப் பேர்போன சாயர்புரத்தில் பிறந்தவள் என்பதால் எனக்குத் தலைக்கனம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். அந்த ஊரில் அதுகூட இல்லாவிட்டால் நான் எதை வைத்துப் பிழைத்திருப்பேன்?

எழுபதுகளின் தொடக்கத்தில், வேட்டையைத் தடுக்கப் புதுச் சட்டம் வந்த சமயம், அவருடைய ஆபீஸில் ஒரு திட்டம் போட்டார்கள். எங்கள் தேரியில் ஒரு காலத்தில் வெளிமான்கள் மந்தை மந்தையாகத் திரிந்தனவாம். எல்லாவற்றையும் தின்று தீர்த்தாயிற்று. இப்போது வல்லநாட்டுப் பக்கம் பிடித்த மான்களைக் கொண்டுவந்து மறுபடி விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு லாரியில் ஆறு மான்கள் வந்து இறங்கின. ஒன்று ஆண்; கறுத்த முதுகும் திருகின கொம்புமாகக் கம்பீரமாக இருந்தது. மற்றவை பெட்டைகள்.

அன்று என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண ஃபோட்டோவில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. அதுவரை அவர் பார்த்த உத்தியோகம், விறகு பொறுக்க வரும் பொம்பளைகளை விரட்டுவதுதான். அதற்காக ஊரில் வசவு வாங்குவார், வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். மான்கள் வந்த பிறகு விடிந்தும் விடியாமலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வந்து, எது எங்கே மேய்ந்தது, எது எதன் பின்னால் போனது என்று எனக்கு ஒப்பிப்பார். பாடம் படிக்காத பிள்ளைகளிடம் நான் படும் பாடு போதாதென்று, மான் பாடம் வேறு.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பெட்டை, கடலைத் தோட்டத்து ஓரத்தில் கம்பிக் கண்ணியில் மாட்டிச் செத்துக் கிடந்தது. தோட்டக்காரரைக் கேட்டால், "முயலுக்கு வச்சது அண்ணாச்சி, மான் வருமின்னு யாரு கண்டா?" என்று பவ்யமாகச் சொன்னார். கேஸ் எழுதினால் ஊரே சேர்ந்து சாட்சி சொல்லும், அந்தக் கண்ணி யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாதென்று.

அப்போதுதான் என் கணவருக்கு அந்த யோசனை வந்தது. மான்களைக் கோயிலுக்குப் பொருத்தனையாக விட்டுவிடுவது.

சர்ச்சைக் கோயில் என்றே சொல்லும் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இந்த நேர்த்திக்கடன் புதிதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் குணமானால், மகன் கப்பல் வேலையிலிருந்து சுகமாகத் திரும்பினால், ஒரு ஆட்டைக் கோயிலுக்கென்று நேர்ந்து விடுவார்கள். அன்றிலிருந்து அது யார் தோட்டத்தில் வாய் வைத்தாலும் கம்பை ஓங்க மாட்டார்கள். களவும் போகாது. கோயில் ஆட்டைத் தொட எந்தத் திருடனுக்கும் கை வராது.

"சர்க்கார் மானை நீங்க எப்படிங்க கோயிலுக்கு விடுவிய?" என்று கேட்டேன்.

"ஏளா, சட்டத்துக்கு இங்கன எவன் பயப்படுதான்? ஆண்டவருக்குத்தான் பயப்படுதான்" என்றார்.

போதகரை எங்கள் ஊரில் ஐயர் என்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயர் அதை அறிவித்தார். என் கணவர் எழுந்து நின்று தலைகுனிந்தார். அந்த வாரமே கண்ணிகள் காணாமல் போயின. சட்டத்தால் முடியாததை ஒரு வரி அறிவிப்பு முடித்துவிட்டது. எனக்கே அவர்மேல் மரியாதை கூடியது; வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மான்கள் துணிந்துவிட்டன. நான் தண்ணீர் சுமந்து வளர்த்த முருங்கைக் கன்றுகளை மொட்டையடித்தன. அடுத்த தெரு விதவை ஒருத்தி போட்ட தட்டப்பயறு முழுவதும் போயிற்று. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆண்டவரு தின்னுட்டுப் போறாரு, விடுங்க டீச்சர்" என்றாள். எனக்கு அவ்வளவு விசுவாசம் கிடையாது, மனதுக்குள் திட்டினேன். ஆனால் மறு வருஷம் ஒரு குட்டி பிறந்தபோது, என் கணவர் சைக்கிளில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப்போய்த் தூரத்திலிருந்து காட்டினார். உடைமர நிழலில் அது காதை ஆட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முருங்கையை மன்னித்தேன்.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. கிணறுகள் வற்றின, ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போய்க் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு நாள் மளிகைக் கடையில் சீனி வாங்கும்போது கடைக்கார அண்ணாச்சி, "கோயில் கிடா நல்லாத் தெரண்டுட்டு டீச்சர்" என்றார். ஊரில் ஆடே இல்லையே, எந்தக் கிடா என்று யோசித்தேன். அவர் சொன்னது அந்தக் கறுப்பு மானை.

பொருத்தனை ஆடு கடைசியில் எங்கே போகும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வருஷம் ஒரு முறை அசனம் நடக்கும். சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே பந்தியாகச் சோறும் கறியும் சாப்பிடும் விருந்து அது. கோயில் ஆடுகள் கறியாவது அதற்குத்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். "மானைப் போய் எவனாவது அசனத்துக்கு அடிப்பானா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடி தேரிக்குக் கிளம்பினார்.

மறுநாள் ஐயரைப் பார்க்கப் போனார். அவர் மாற்றலாகி வந்த புது ஐயர். கோயில் கமிட்டிப் பெரியவரும் அங்கே இருந்தார். மான் சர்க்கார் சொத்து, கொன்றால் ஜெயில் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"நேந்துவிட்டதைத் திரும்பக் கேக்கது நல்லதா அண்ணாச்சி?" என்றாராம் பெரியவர். "அதுக தின்ன பயறுக்கு ஊருல ஒரு வாய் பேசுனோமா? கோயில் சொத்துன்னுதானே பொறுத்துக்கிட்டோம்."

அவர் கேட்டது நியாயம். ஆபீஸில் போய்ச் சொல்லலாம். சர்க்கார் மானைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டேன் என்றா சொல்வது? வேலை அன்றைக்கே போய்விடும். பிறகு மானைத் தொட்டால் ஊரும் ஜெயிலுக்குப் போகும். பாதிப் பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான்தான் எழுத்து சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

அசனத்துக்கு முந்தின நாள், கடற்கரையிலிருந்து இரவல் வாங்கிய வலையோடு தேரிக்குப் போனார்கள். இவர் குறுக்கே நின்றார். யாரும் அவரை அடிக்கவில்லை, வையவில்லை. "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, வெயிலா இருக்கு" என்று கையைப் பிடித்து மர நிழலில் உட்கார வைத்தார்களாம். ஒருவர் குடிக்கப் பதநீர் கொடுத்தாராம். இங்கே பிறந்து வளர்ந்த குட்டியையாவது விடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். ஆண்டவருக்கு விட்டதில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்வது பாவம் என்று, அதையும் சேர்த்தே பிடித்தார்கள். அவர்கள் நேர்மையானவர்கள். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அசனத்துக்கு நாங்கள் போகவில்லை. உச்சி வெயிலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டு, இன்னும் இரண்டு பேரோடு வாசலில் நின்றார். கையில் பெரிய ஓலைப்பெட்டி. புதுத் துண்டு போட்டு மூடியிருந்தது. துண்டைத் துருத்திக்கொண்டு இரண்டு கொம்புகள் தெரிந்தன.

"நேந்தவுக வீட்டுக்குத்தான் தல. மொறைய விடக்கூடாது பாருங்க" என்றார் பெரியவர்.

அதைப் பிடுங்கித் தெருவில் எறிய நான் வாசலுக்கு வந்தேன். என் கணவர் என்னைத் தாண்டிப் போனார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்குகிறவர் சொல்ல வேண்டிய "ஸ்தோத்திரம்" என்ற வார்த்தையையும் சொன்னார்.

பெரியவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "ஆபீஸ்ல சொல்லி இன்னும் நாலஞ்சு வாங்கி விடுங்க அண்ணாச்சி. ஊரு பத்திரமாப் பாத்துக்கிடும்" என்றார்.

என் கணவர் சரி என்றார்.