காரணம் எழுதத் தேவையில்லை

ஆனி பிறந்தாலே தென்காசிக்காரர்களுக்குச் சொந்தபந்தம் கூடிவிடும். மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்ததும் எங்கள் வீட்டில் போன் அடிக்க ஆரம்பிக்கும். "குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, கல்யாணமான புதிதில் நானும் வெள்ளந்தியாக, "நல்லா விழுதே!" என்று சொல்லியிருக்கிறேன். மறுநாள் வாசலில் வேன் நின்றது. உங்கள் வீட்டில் எத்தனை பாய் இருக்கிறது என்பதுதான் அந்தக் கேள்விக்குப் பொருள். லாட்ஜில் அறை எடுக்க வசதி உள்ளவர்கள்கூட எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அறை எடுத்தால் நாங்கள் வருத்தப்படுவோமாம். சத்தியமாக நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

இந்தப் படைக்குத் தலைமை என் நாத்தனார், என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். ஆலங்குளத்தில் அவர் தெருவில் உள்ள பெண்கள் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு, ஏதாவது ஓர் ஆடி வெள்ளிக்கு வந்து இறங்குவார். அருவியில் குளியல், கோயில், எங்கள் வீட்டில் சாப்பாடு, இரவு அங்கேயே படுக்கை. வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காரணம் மட்டும் சொல்லிப் பார்ப்பேன்.

"மோட்டார் ரிப்பேர் மதினி, வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல."

"அதுக்கென்ன, நாங்க அருவியிலதான குளிக்கப் போறோம்!"

அடுத்த வருடம், "வெள்ளையடிக்கோம் மதினி, சாமானெல்லாம் வெளிய கெடக்கு" என்றேன்.

"அப்ப ஒத்தாசைக்கு ஆள் வேணும்லா?" என்று ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். அடிக்காத வெள்ளையைப் பற்றி நான் என்ன சொல்ல?

ஒரு முறை என் கணவர், மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று துணிந்து ஒரு பொய் சொன்னார். ஆத்தா வந்திருக்கிற வீட்டுக்குக் கூட்டமாக யாரும் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மதினி தனியாக வந்தார், ஒரு கட்டு வேப்பிலையும் ஆறு இளநீரும் எடுத்துக்கொண்டு. வாசலில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்த என் மகள் ஓடிப்போய்ப் படுத்தாள். இரண்டு நாள் வேப்பிலைக்கு நடுவில் கிடந்தாள். "ஆத்தா நல்லபடியா எறங்கிட்டா, ஒரு தழும்புகூட இல்ல பாரு" என்று மதினி பூரித்துப் போய் ஊர் திரும்பினார். என் கணவர் பயந்துபோய் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்.

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் ஒரு காரணத்தைச் சொன்னால், அதைச் சரிசெய்வது தன் பொறுப்பு என்று அவர் எடுத்துக்கொள்வார். இதைப் பத்துப் பதினைந்து வருடம் அனுபவித்த பிறகுதான், காரணத்தை வேறு மாதிரியும் சொல்லலாம் என்பதை நான் கண்டுகொண்டேன். அதுவும் இங்கிலாந்துக்காரர்களிடமிருந்து.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இங்கிலாந்தில் திரைச்சீலை, போர்வை, கெட்டில் விற்கும் ஒரு கம்பெனிக்காக, பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்களின் போனை எடுக்கிற பிரிவு என்னுடையது. முப்பது நாளுக்குள் திருப்பிவிடலாம். 'காரணம்' என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. விருப்பம் இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் எழுதத் தேவையில்லை.

ஒரு பெண்மணி சொன்னார்: "மாட்டிப் பார்த்தேன். பிடிக்கவில்லை." அவ்வளவுதான். நான் மீதிக் கதைக்காகக் காத்திருந்தேன். மீதி இல்லை. இன்னொருவர் கெட்டிலைத் திருப்பினார். விசில் அவருடைய நாய்க்கு ஒத்துவரவில்லையாம். மூன்றாமவர், "என் கணவர் போய்விட்டார், இனி எனக்கு இவ்வளவு பெரிய போர்வை வேண்டாம்" என்றார். நான் குரலைத் தாழ்த்தி, எப்போது தவறினார் என்று துக்கம் விசாரித்தேன். "தவறவில்லை. பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்" என்றார் அவர், பால் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

இங்கே கடைத்தெருவில் ஒரு ஜாக்கெட் துணியைத் திருப்பிக் கொடுப்பதை நினைத்துக்கொள்வேன். முதலில் கடைக்கார அண்ணாச்சியின் சுகரை விசாரிக்க வேண்டும். பிறகு சேலையின் கதை, கல்யாண வீட்டின் கதை. கடைசியில் சாயம் போகிறது என்றால், "உப்புத் தண்ணில முக்குங்க, நிக்கும்" என்பார். அதே துணியோடு இன்னொரு துணியும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேருவோம்.

எங்கள் மேலாளர் அம்மாளும் அந்த ஊர்க்காரர்தான். ஒரு நாள் வீடியோ கூட்டத்தில், "வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். தோட்டத்தில் உட்கார்ந்து சும்மா இருக்கப் போகிறேன்" என்றார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் "நல்லது" என்றார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. சும்மா இருக்கப் போகிறேன் என்று நான் தென்காசியில் சொன்னால், துணைக்குச் சும்மா இருக்க நாலு பேர் வந்துவிடுவார்கள். அவர்கள் ஒரு வரியில் காரணம் சொல்கிறார்கள், கேட்பவர் சரி என்கிறார், பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

இந்த வருடம் ஆடி மாதம்தான் வினை வந்தது. எங்கள் பிரிவுக்குக் குழுத் தலைவர் வேண்டும் என்று அறிவித்தார்கள். ஆறு வருடமாக அடுத்தவர்களுக்குப் பிடிக்காத திரைச்சீலையைப் பற்றியே பேசி என் காது காய்த்துப் போயிருந்தது. இரண்டு முறை அந்தப் பதவி என்னைத் தாண்டி வேறு ஆளுக்குப் போய்விட்டது. நாற்பத்து நான்கு வயதாகிறது. இந்த முறை எனக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும். நேர்காணல் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, வீடியோவில். அன்று ஆடி வெள்ளி.

அறிவிப்பு வந்த மறுநாள் போன் அடித்தது. "ஏட்டி, தண்ணி விழுதா?"

மேலாளர் அம்மாளை மனதில் நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்தேன். "மதினி, இந்த வெள்ளிக்கிழமை வரவேண்டாம். எனக்கு இன்டர்வியூ இருக்கு. வீடு அமைதியா இருக்கணும்."

பக்கத்தில் நின்ற என் கணவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஏழெட்டு நொடி இருக்கும். மதினி அத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை. உண்மைக் காரணத்துக்கு இவ்வளவு சக்தியா என்று நான் வியந்துகொண்டிருந்தபோது குரல் வந்தது.

"அம்புட்டுதானா? வீடு அமைதியா இருக்கணும், அதான? நான் வந்து பாத்துக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை வந்தார். கூட வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தி, வேனை ஐந்தருவிக்கு அனுப்பிவிட்டார். "ஆறு மணிக்கு முன்னால ஒருத்தியும் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது" என்று உத்தரவு. தான் மட்டும் இறங்கினார். குக்கரை அடுப்பிலிருந்து எடுத்தார். அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்தார். என் கணவரைப் பார்த்து, "ஏலே, நீ தும்முவ. வெளிய போ" என்றார்.

மூன்றரை மணிக்கு அம்மன் கோயில் ஒலிபெருக்கி தொடங்கியது. எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் குழாய் கட்டியிருந்தார்கள். பாட்டுச் சத்தத்தில் என் மேஜை அதிர்ந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது முறையும் போயிற்று என்று நினைத்தேன். மதினி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பத்தாவது நிமிடம் பாட்டு நின்றது.

"என்ன சொன்னிய மதினி?"

"ஒனக்குத் தலையில ஆபரேசன், டாக்டர் சத்தமே ஆகாதுன்னுட்டாருன்னு சொன்னேன். அந்தக் கோயில் அண்ணாச்சி பதறிட்டாரு."

"இன்டர்வியூன்னே சொல்லியிருக்கலாம்லா?"

"இன்டர்வியூன்னா ஆத்தாளையே கும்பிட்டுட்டுப் போகச் சொல்லுவாரு. உள்ள போயி ஒக்காரு."

நாலு மணிக்குத் திரையில் மேலாளர் அம்மாளும் இன்னும் இரண்டு பேரும் தெரிந்தார்கள். வீடு மயான அமைதி. அரை மணி நேரம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். கடைசியில் மேலாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களிடம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆட்களை நடத்திப் பழக்கமில்லை. அதனால் இந்தப் பதவியை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம்."

ஒரே வரி. சுத்தமான காரணம். அவர்கள் ஊர் முறைப்படி, சொன்னதற்கு நன்றி என்று நான் எழுந்திருக்க வேண்டும். வாய்வரை நன்றி வந்துவிட்டது. அப்போது கண்ணில் பட்டது, ஜன்னலுக்கு வெளியே, சாரலில் முக்காடு போட்டுக்கொண்டு கேட்டைக் காவல் காத்து நின்ற மதினி. கையில் கம்பு வேறு வைத்திருந்தார், தெருநாய் குரைத்துவிடக் கூடாதாம்.

அம்புட்டுதானா என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது.

"பழக்கமில்லை, அவ்வளவுதானே?" என்றேன். "புதிதாகச் சேர்ந்த நாலு பேரை என்னிடம் விடுங்கள். பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நம் திரைச்சீலையைப் போல. காரணம்கூட எழுதத் தேவையில்லை."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் சொன்ன பிறகும் எழுந்து போகாத ஆளை அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள் போல. பிறகு மேலாளர் அம்மாள் சிரித்தார். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "சரி, முப்பது நாள்" என்றார்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. ஐந்தருவியில் குளித்த பெண்கள் ஈரத்தலையோடு இறங்கி, தண்ணீர் எப்படி அடித்தது என்று ஆளாளுக்கு விவரித்தார்கள். மதினி அவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தார். மறுநாள் அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். இந்த வருடம் மதினியின் தலையில் அருவித் தண்ணீர் படாமலேயே வேன் ஆலங்குளத்துக்குத் திரும்பியது. வேன் கிளம்பிப் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

கோயில் அண்ணாச்சி என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "தலை இப்ப எப்படி இருக்கும்மா?" என்று விசாரிக்கிறார். தேவலை அண்ணாச்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முப்பதாம் நாள் மேலாளர் அம்மாளிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: 'திருப்பி அனுப்புவதாக இல்லை.' ஆவணி பிறந்திருந்தது. அருவியில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. என் கணவரிடம் சொல்வதற்கு முன்னால் ஆலங்குளத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, குளிக்க வாங்க மதினி என்றேன்.

"இந்த வருசம் போதும்ட்டி. முட்டு வலி. வேன் படி ஏற முடியல."

"அம்புட்டுதானா? நாங்க கார் எடுத்துட்டு வாறோம்."

"ஆட்டுக்குக் குழை போட ஆளில்ல."

"ஆட்டையும் ஏத்திக்கிடலாம்."

மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "வரவேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவளாச்சே நீ. இப்ப எதுக்குட்டி கூப்பிடுத?"

"ஒங்களப் பாக்கணும்போல இருக்கு மதினி. அதான் காரணம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப பெரிய காரா பாத்து எடுத்துட்டு வா" என்றார். "ஆடு ரெண்டு நிக்கி."