ஏழாம் எண் செல்

பேட்டரி ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை எல்லாரும் ‘செல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். செல் கட்டுவது அவர் வேலை. காற்றும் ஈரமும் புகாத கண்ணாடிப் பெட்டியில் பொருத்தியிருக்கும் ரப்பர் கையுறைகளுக்குள் கையை நுழைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக அடுக்குவார். லித்தியம் வில்லை, அதன்மேல் வெங்காயச் சருகைவிட மெல்லிய பிரிப்புத் தாள், இரண்டு சொட்டுத் திரவம், கருப்பு வில்லை, மூடி. கைக்கடிகார பேட்டரி அளவுதான். இது சரியாக வந்தால் நாளைக்குப் பேருந்தையே ஓட்டும் என்பார்கள். பதினோரு வருடமாக அந்த ‘நாளைக்கு’ வந்தபாடில்லை.

அவர் வீட்டுக்காரர் மின்சாரப் பேருந்து ஓட்டுநர். "மேம்பாலம் ஏறினா சார்ஜ் மளமளன்னு இறங்குது, உங்க ஆளுங்ககிட்ட சொல்லு" என்று சாப்பிடும்போதெல்லாம் மனு கொடுப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி அக்காவைச் சோதனை இயந்திரத்தின் முன் நிறுத்தினார். நான்கு மாதத்துக்கு முன் ஒரே நாளில் கட்டிய பன்னிரண்டு செல்களில் பதினொன்று, முந்நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்குவதற்குள் செத்துவிட்டன. ஏழாம் எண் மட்டும் ஆயிரத்து நானூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"இதுல மட்டும் என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே மேடம். எல்லாமே ஒரே மாதிரிதான் கட்டினேன்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார். நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமையில் என்ன ஞாபகம் இருக்கும்? அன்று தும்மினாரா, யாராவது கூப்பிட்டார்களா, ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் செல் அக்கா ‘கைராசி அக்கா’ ஆகிவிட்டார். பெட்டிக்கு மேலே கேமரா வைத்து அவர் கைகளைப் படம் பிடித்தார்கள். படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று கவனித்தால் கால் தடுக்குமே, அப்படி ஆயிற்று அவருக்கு. அடுத்துக் கட்டிய பன்னிரண்டில் ஒன்பது உயிரே பிடிக்கவில்லை.

"உனக்கே தெரியலைன்னா வேற யாருக்குடி தெரியும்?" என்றார் வீட்டுக்காரர்.

"அதைத்தாங்க நானும் கேட்டுட்டிருக்கேன்."

ஒருவழியாக ஏழாம் எண்ணும் ஓய்ந்தது. அதைப் பிரித்துப் பார்க்கும் வேலையும் அக்காவுக்கே வந்தது. மூடியை நீக்கி, கருப்பு வில்லையைத் தூக்கினார். அடியில் பிரிப்புத் தாள் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்ததை அவர் பார்க்கவே இல்லை. தலைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"தப்பு என்னோடதுதான் மேடம்."

தலைவி திட்டவில்லை. "அப்போ வேணும்னே ரெண்டு தாள் வச்சுக் கட்டுங்க" என்றார்.

கட்டினார். பன்னிரண்டில் நான்கு செல்கள் எண்ணூறு தடவை தாண்டின. மூன்று பழையபடியே. மிச்சம் ஐந்தும் ஒற்றைத் தாள் செல்லைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தன.

"அப்போ ரெண்டு தாள்தான் காரணமா, இல்லையா மேடம்?"

தலைவி கணக்கை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். "ஆமான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல."

‘காரணம் தெளிவாகவில்லை’ என்று அறிக்கையில் எழுதினார்கள். ஆய்வு செய்தவர்கள் பட்டியலில் முதல் முறையாக அக்கா பெயரும் இருந்தது. செய்த தப்புக்காகவா, கைராசிக்காகவா என்று அவருக்கு விளங்கவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் கூச்சம். கேட்டது வேறு.

"ரெண்டு தாளுக்கும் நடுவுல ஒரு சொட்டு விட்டா என்ன ஆகும் மேடம்?"

"எனக்குத் தெரியாது."

"கட்டிப் பார்க்கட்டுமா?"

அப்படி நடுவில் சொட்டு விட்டுக் கட்டிய பன்னிரண்டும் இப்போது இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இருநூறாவது தடவையில் இரண்டு செத்துவிட்டன. மற்றவை பற்றி இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை.