செம்பைக் கலக்கச் சொன்னவள்

நாலு கோட்டை நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. ஜீவராணியின் நோட்டில் இப்படிக் கட்டுக் கட்டாக ஓடும். கவிழ்த்து வைத்த கொழுந்துக் கூடையின் மேல் பழைய லெப்டொப் ஒன்று. திரையில் சிறகு முளைத்த சிங்கம் எலும்புக்கூட்டுப் பட்டாளத்தை அடிக்கும். அடி விழுந்ததும் ஒரு கோடு. அடியோடு சேர்ந்து குதிரை லாடம் ஒன்று மின்னினால் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. அந்திக் கொழுந்து நிறுவை முடிந்து, முகம் கழுவி, பால் விடாத பிளேன்டி குடித்து, அடுப்பில் சோறு வேகிற முக்கால் மணி நேரம் அவளுக்கு இதுதான் வேலை. விரலெல்லாம் கொழுந்துக் கறை. விசைப்பலகையில் பாதி எழுத்து அந்தக் கறையிலேயே மறைந்துபோய்விட்டது.

நல்லதண்ணி ரோட்டை ஒட்டிய எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கீழ்ப் பிரிவில் ஒரே கூரையின் கீழ், குடும்பத்துக்கு ஒரு காம்பராவென்று இருபது காம்பரா உள்ள ஒற்றை லயம் ஒன்று இருக்கிறது. அதில் மூன்றாம் காம்பரா அவளுடையது. வயது முப்பத்தொன்பது. ஒன்பதாம் வகுப்போடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவள். புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்கென்று போனவன் போனவன்தான். மகள் கேஷிகா சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நான் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். நிறுவைக்கொட்டிலில் தினம் அவளைப் பார்க்கிறேன்.

குவைத்தில் நாலு வருஷம் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டுப் பெரிய பையன் விளையாடுவதைத் துணி தேய்த்துக்கொண்டே பின்னால் நின்று பார்த்துப் பழகியிருக்கிறாள். திரும்பி வரும்போது பழந்துணியோடு சேர்த்து இந்த லெப்டொப்பையும் கொடுத்தனுப்பினார்களாம். பெட்டரி செத்துப்போச்சு, வயர் குத்தினால்தான் உயிர் வரும். லயத்துப் பெண்கள் "குவைத் ராணி பேய் ஓட்டுது" என்று சிரிப்பார்கள். இவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

"இந்த வெளையாட்டுல நான் படைய நகத்தி முடிக்கணும், பெறகுதான் எதிராளி நகத்துவான். நான் ஒரு மணி நேரம் யோசிச்சாலும் கம்முனு நிப்பான். மலையில கங்காணி அப்படி நிப்பாரா சொல்லுங்க?"

அந்த விளையாட்டு பாதியைச் சொல்லும், பாதியை மறைக்கும். எதிரே நிற்கிற படையில் எத்தனை தலை என்று காட்டாது. கொஞ்சம், பல, பெருங்கூட்டம் என்று வார்த்தையாகத்தான் போடுமாம். இங்கிலீஸைக் கேஷிகா வாசித்துச் சொல்வாள். இவள் போய் மோதுவாள், தோற்பாள், தோற்ற பிறகு எண்ணுவாள். இப்படி எண்ணி எண்ணியே கொஞ்சம் என்றால் நாலு வரைக்கும், பல என்றால் ஐந்திலிருந்து ஒன்பது என்று பிடித்து வைத்திருக்கிறாள்.

"அதை முதல்லயே நம்பராப் போட்டுத் தொலைச்சா என்னவாம்?" என்று கேட்டேன்.

"போட்டா நாம பயப்பட மாட்டமேண்ணே."

லாடம் சமாச்சாரமும் அப்படித்தான். அது ஒன்று கையில் இருந்தால் அதிர்ஷ்டம் என்கிறது விளையாட்டு. எவ்வளவு அதிர்ஷ்டம் என்று எங்கேயும் எழுதவில்லை. இவள் கண்டுபிடித்தாள். இருபத்துநாலு அடிக்கு ஒரு அடி இரட்டிப்பாக விழும்.

"எத்தனை அடி எண்ணின?"

"ரெண்டாயிரத்து நானூறு. நூறு தடவ மின்னணும். நூத்தி மூனு மின்னிச்சு."

"மூணு கூட வந்திருக்கே, அதிர்ஷ்டக்காரிதான்."

"மூனு கூட வரும், மூனு கொறையும் வரும். அதுக்குப் பேரு அதிர்ஷ்டம் இல்லண்ணே. நான் இன்னும் எண்ணணும், அவ்வளவுதான்."

இதில் அவள் பெரிதாக மதிக்கிறது வேறொன்று. சண்டையில் தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடலாம். ஆனால் அதே அடிதான் விழும், அதே சிங்கம்தான் சாகும். ஏழு தடவை போய்ப் பார்த்தாளாம். "வெளையாட்டுல ஒரு நாள் விடியும்போதே அன்னிக்கு எல்லாத்தையும் முடிவு பண்ணி உள்ள வச்சிர்றான். அதுக்கு முந்தின நாளுக்குப் போயி, சும்மாவாச்சும் ஒரு அடி வேற பக்கம் வைக்கணும். அப்பத்தான் மாறும்." இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும். எனக்கு இதெல்லாம் மண்டையில் ஏறாது. ஆனால் அவள் அடுப்பைக்கூட அப்படித்தான் பார்ப்பாள். ஈர விறகு எத்தனை ஊதலுக்கு ஒரு தரம் பற்றும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

போன கார்த்திகை மழைக்குப் பிறகு அந்த லயத்தில் யாருக்கும் நல்ல தூக்கமில்லை. மேல் கோடியில், பதினேழாம் காம்பராவிலிருந்து இருபது வரைக்கும் பின்னால் மலை வெடித்து நிற்கிறது. வெடிப்புக்குள் கை போகும். கீழ்க் கோடியில், ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் தரை பிளந்திருக்கிறது. ஜீவராணியின் அடுப்படிப் பிளவில் அரிசி கொட்டினால் திரும்பி வராது. எது முந்தும், மேலே இருப்பது இறங்குமா, கீழே இருப்பது போகுமா, ஒருத்தருக்கும் தெரியாது. மண்சரிவு பார்க்க வந்த ஐயா ஒருவர் லயம் முழுவதுக்கும் ஒரே காகிதத்தை ஒட்டினார். அதிக ஆபத்து என்று தமிழிலும் போட்டிருந்தது. ஜீவராணி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், அதிகம்னா எத்தனைக்கு எத்தனை?"

அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அதிகம்னா அதிகம் தானே" என்றார்.

"பத்து மழைக்கு ஒன்னா, நூறு மழைக்கு ஒன்னா? எந்தக் கோடிக்குக் கூட?"

"ஒக்கோம எக்கய்" என்றார். எல்லாம் ஒன்றுதான். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பழைய நாற்றுமேடைப் பக்கம் சமதரையில் பத்து வீடு கட்டி முடித்தார்கள். இருபது குடும்பம், பத்து வீடு. மிச்சம் பத்து அடுத்த வருஷம் என்றார்கள். அடுத்த வருஷத்தை நம்பி எத்தனை வருஷம் போய்விட்டதென்று எங்களுக்குத் தெரியும். எந்தக் கோடிக்குக் கூட ஆபத்து என்று எழுத்தில் இல்லாததால் சீட்டுக் குலுக்குவதென்று முடிவானது. குலுக்குவது என்று வாயால் சொல்வதுதான். எங்கள் மாரியம்மன் கோயில் சீட்டை யாரும் குலுக்குவதில்லை.

திருவிழாவுக்கு யார் வீட்டிலிருந்து கரகம் புறப்படுவதென்று வருஷா வருஷம் அம்மன் செம்பில் சீட்டுப் போடுவார்கள். காகிதத்தைச் சுருட்டி, மஞ்சள் நூல் கட்டி, ஒன்றாம் காம்பராவில் தொடங்கி இருபது வரைக்கும் வரிசையாகப் போடுவார்கள். செம்பு கழுத்து மட்டும் நிறைந்துவிடும். அம்மன் செம்பை ஆட்டினால் குற்றம். ஆட்டாமல், அலுங்காமல், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றை எடுப்பார் தலைவர் தங்கவேலு. கரகம் எப்போதும் மேல் கோடிக்குத்தான் போகும். அம்மனுக்கு அந்தக் கோடிதான் பிடிக்கும் என்று பேச்சு. பத்தொன்பதாம் காம்பரா அழகம்மாவுக்கு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஜீவராணி கோயில் நோட்டை வாங்கிப் புரட்டினாள். ஒன்பது வருஷம். முதல் பத்துக் காம்பராவுக்கு ஒரு தடவைகூட விழவில்லை.

சீட்டுக்கு முதல் நாள் நிறுவைக்கொட்டிலில் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, அம்மன் ஒன்னும் பண்ணல. கடைசியாப் போட்ட சீட்டு மேல கெடக்கு, கை அதுலதான் படுது. நாளைக்கும் அப்படியே எடுத்தா மேல் கோடி பத்துப் பேருக்கும் வீடு. எனக்குச் சைபர்."

"கலக்கினா?"

"எல்லாருக்கும் ரெண்டுக்கு ஒன்னு. எனக்கும் அதுதான், அழகம்மாக்காவுக்கும் அதுதான். நான் பேசாம இருந்தா அக்காவுக்கு வீடு உறுதிண்ணே."

அழகம்மா யாரென்று சொல்ல வேண்டும். ஜீவராணிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவள். ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. ஜீவராணி குவைத்தில் இருந்த நாலு வருஷமும் கேஷிகாவுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான். கேஷிகா அவளைப் பெரியம்மா என்பாள். அம்மா என்று கூப்பிட்டுப் பழகியதை மாற்றிக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று.

"உன் மகளும் அந்தப் பிளந்த தரையிலதானே படுக்கிறா" என்றேன்.

"அதான்" என்றாள். நான் வேறொன்றும் சொல்லாமல் லொறியை எடுத்தேன். சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருக்க வேண்டுமென்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் கோயில் வாசலில் இருபது குடும்பமும் நின்றது. பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். செம்பில் சீட்டு நிறைந்து, தங்கவேலு துண்டால் கண்ணைக் கட்டப் போகிற நேரம் ஜீவராணி முன்னால் வந்தாள்.

"தலைவரே, கலக்கிட்டு எடுங்க."

"அம்மன் செம்பையா? புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"செம்புல வேணாம். வெளிய கொட்டிக் கலக்குங்க."

"இத்தன வருசம் இல்லாத வழக்கத்த நீ குவைத்துல இருந்து கொண்டாந்தியா?" என்றது மேல் கோடியிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

அவள் சிரிக்கவில்லை. "எடுக்கிறது அம்மன்தானே? கலக்கினா அவங்களுக்குக் கண்ணு தெரியாமப் போயிருமா? யாருக்குக் குடுக்கணும்னு நெனச்சாங்களோ அந்தச் சீட்டு எங்க கெடந்தாலும் எடுப்பாங்க. இல்ல, மேல இருக்கிறத மட்டுந்தான் அவங்களால எடுக்க முடியும்னா அதையும் சொல்லிருங்க."

தங்கவேலு கண்ணைக் கட்டப் போன துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கீழ்க் கோடிக்காரர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை யாரோ விரித்தார்கள். ஜீவராணி சீட்டை அதில் கொட்டி, குவித்த கொழுந்து சூட்டில் வெந்துபோகாமல் கிண்டிவிடுகிற மாதிரி இரண்டு கையாலும் அடியிலிருந்து மேலாகப் புரட்டினாள். நான் எண்ணினேன், நாற்பது தடவை. அழகம்மா எதிரே நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கவேலு கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்ததில் ஒன்பதாவதாக ஜீவராணியின் பெயர் வந்தது. பத்தோடு முடிந்தது. மேல் கோடி நாலு காம்பராவில் ஒருவருக்கு விழுந்தது. அது அழகம்மா இல்லை.

ஜீவராணி மிச்சம் கிடந்த சீட்டுகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பத்தும் சரியாக இருந்ததா என்று பார்த்தாள். ஏழாவது சீட்டைப் பிரித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அழகம்மா வந்து அதை வாங்கி, தன் பெயரைப் பார்த்தாள். "நல்லாத்தான் கலக்கினடி" என்றாள். 

ஜீவராணி புது வீட்டுக்குப் போய் எட்டு மாசமாகிறது. இப்போதும் நோட்டில் கோடு போடுகிறாள், ஆனால் விளையாட்டில் தோற்றால் திரும்பிப் போவதில்லை. செத்தது செத்ததாகக் கிடக்கட்டும் என்று அடுத்த நாளுக்குப் போகிறாள். ஏனென்று கேட்டேன். "பழக்கமாகிருச்சுண்ணே. இங்க முந்தின நாளு இல்லியே" என்றாள்.

அழகம்மா அவளோடு பேசுவதில்லை. பக்கத்து நிரையை விட்டுத் தள்ளிப்போய்க் கொழுந்தெடுக்கிறாள். மழை எச்சரிக்கை வந்தால் மற்றக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கும். அவள் அசைய மாட்டாள். அம்மன் எனக்குன்னு வச்சது இந்தக் காம்பராதான், இங்கயே கெடக்குறேன் என்பாள். கேஷிகா இரண்டு தடவை போய் அழுது பார்த்தாள். அழகம்மா அவள் கன்னத்தைத் தட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இந்த ஐப்பசியில் ஒரு பகல். காலையிலிருந்து விடாத மழை, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டும் இல்லை, வேலையும் இல்லை. ரோட்டோரம் மண் சரிந்ததால் லொறியை லயத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு, யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்க ஏறினேன். பத்தொன்பதாம் காம்பராவில் மட்டும் புகை. எதிர்ப் பக்கத்திலிருந்து ஜீவராணி குடையோடு இறங்கி வந்தாள்.

அழகம்மா அடுப்புக்கு முன்னால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பின்சுவரில் தண்ணீர் நூல் நூலாக இறங்கியது.

"எதுக்குடி வந்த?"

எட்டு மாசத்தில் ஜீவராணியிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"மேல எங்க வீட்டுக்கு வாங்கக்கா. மழ விடட்டும், நானே கொண்டாந்து விடுறேன்."

"நீ கலக்கி வாங்குன வீட்ல நான் வந்து ஒண்டணுமா? போடி. புள்ள தனியா இருக்கா."

"அவ இருக்கிற எடம் பத்திரம்."

"பின்ன என்ன, போயி அவகூட இரு. எத்தனைக்கு எத்தனைன்னு நோட்டுல பாத்தியா, இன்னிக்கு இது விழுமா விழாதான்னு?"

"அது எந்த நோட்டுலயும் இல்லக்கா."

"அப்பப் போ."

"ரெண்டு பேரும் எந்திரிங்க, ரோடு போகப் போகுது" என்று நான் கத்தினேன். என்னை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் எங்கேயோ ஒரு கல் உருண்டு தண்ணீர்க் கானில் விழுந்தது. அழகம்மாவின் கை மாவிலேயே நின்றது.

ஜீவராணி குடையை மடக்கினாள். வாசலில் சாத்தி வைக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். பிறகு தண்ணீர் இறங்கிய அந்தப் பின்சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.