பாகு தொடாத நாக்கு

என் வீட்டுக்காரர் தியாகதுருகம் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர், சர்க்கரை நோயாளி. மாத்திரை தவறாமல் போட்டும் ஒரு மாதமாகச் சர்க்கரை எகிறியது. பாகை நக்குகிறார் என்று நானே முடிவுகட்டி, ஆலையில் எல்லார் எதிரிலும் திட்டினேன்.

"தண்ணியில வுட்டுத்தான் பதம் பாக்கறேன், நாக்குல வைக்கல" என்றார். நான் நம்பவில்லை.

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா அவர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லடியில் சீழ். "சீழ் புடிச்சா ஒடம்புல சுரக்கற இன்சுலின் சரியா வேலை செய்யாதுங்க. அதான் சர்க்கரை ஏறுது" என்றார். பல்வலியைச் சொன்னால் வெல்லம் தின்றதாகப் பேசுவேன் என்று மனிதர் மறைத்திருக்கிறார்.

பல்லைப் பிடுங்கி, புண் ஆறியதும் சர்க்கரை இறங்கியது. பல் சீழ்தான் காரணம் என்று டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டோடு நேரே ஆலைக்குப் போய், திட்டிய இடத்திலேயே நின்று எல்லாருக்கும் படித்தேன்.

அவர் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே, "இன்னொரு வாட்டி படி" என்றார்.

திட்டியதைவிடச் சத்தமாகப் படித்தேன்.