ஒன்பது தொட்டிகள்

பசுமைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஸ்கேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அகல இலை ஆர்க்கிட் ஒன்றையும் ஒல்லி இலை ஆர்க்கிட் ஒன்றையும் இணைத்து, பிறந்த பிள்ளைகள் இருநூறையும் அங்கே தொட்டிகளில் வரிசையாக வைத்திருந்தார்கள். இலையின் அகலத்தையும் செடியின் உயரத்தையும் எந்த மரபணு தீர்மானிக்கிறது என்று வரைபடம் போடுவதற்காக. மாதம் தவறாமல் ஸ்கேலை வைத்து அளப்பது அவள் வேலை. ஒரு மில்லிமீட்டர் பிசகாது. இலையிலிருந்து மரபணுவைப் பிரித்துக் குழாயில் அடைப்பது அவள் தம்பியின் வேலை. யார் யார் காலையோ பிடித்து அவளே வாங்கிக் கொடுத்தது.

இரண்டாம் கோடையில் விசிறி பழுதாகி ஒன்பது செடிகள் அழுகிப்போயின. "ஒரு தொட்டி காலியா இருந்தாலும் உங்க சீட்டு கிழிஞ்சிடும்" என்றார் மேற்பார்வையாளர். அந்த வாய்க்குப் பயந்து, பக்கத்துச் செடிகளில் முளைத்திருந்த கன்றுகளைப் பிரித்து ஒன்பதிலும் நட்டுவிட்டாள். எண்ணட்டைகள் அப்படியே இருந்தன. செடி செடிதானே என்று நினைத்தாள். கன்று விதையில் பிறந்த தனிப்பிள்ளை அல்ல, தான் முளைத்த செடியின் நகல் என்பது இத்தனை வருஷம் அளந்தவளுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்றோ, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நான்காம் வருஷம் முடிவு வந்தது. ஒன்பது ஜோடிச் செடிகளின் மரபணு அச்சு அசலாக ஒன்று. "ஒரே இலையை ரெண்டு குழாய்ல போட்டிருக்கீங்க. மறுபடி இலை எடுங்க" என்றார் ஆராய்ச்சி அம்மா. தம்பி ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை வாசித்து எடுத்தான். திரும்பவும் அதே ஒன்பது ஜோடி. எப்படி மாறும்?

"புதுசா எடுக்கவே இல்ல. பழசையே ஊத்திட்டுப் பொய் வேற சொல்றீங்க!"

அந்த அம்மா போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கதவுக்கு வெளியே ஸ்கேலக்கா நின்றுகொண்டிருந்தாள். கன்று நட்டதைச் சொல்லிவிடத்தான் வந்திருந்தாள். உள்ளே போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. திரும்பிப் போய் நூற்றுப் பதினாறாம் தொட்டியை அளந்தாள்.

மறுநாள் தம்பியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வீட்டில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, சத்தியமா புதுசாத்தான் எடுத்தேன். நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்டா."

வேறு யாரால் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியும்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நீ ஒருத்தி நம்புனா போதும்க்கா" என்றான்.