கைத்துப்பாக்கி கேட்கப் போனேன்

இருபது வயதில், ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதிலிருந்து தலைகால் புரியவில்லை.

காரணம், மோதிரம் மாற்றிய பிறகு நான் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை. வேலைத்தல வாசலிலும் பஸ் தரிப்பிடத்திலும் வந்து நின்று மிரட்டினான். நாங்கள் அகதியாக வந்திருந்த நாட்டின் கோர்ட்டுக்குப் போய், அவன் என்னை நெருங்கக்கூடாது என்று உத்தரவு வாங்கினேன். ஆனால் அதற்குப் பிறகுதான் நான் கூடுதலாக ஒளிந்து திரிந்தேன். அவன் ஏறினால் நான் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன். தமிழ்க்கடைக்குள் அவன் தலை தெரிந்தால் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியேறுவேன். எல்லாம் அம்மா சொன்னபடி.

“கோட்டுக் கடுதாசியில உன்ர பேரெல்லோ கிடக்கு. அவன் நிக்கிற இடத்தில நீ நிண்டால் உன்னைத்தான் பிடிப்பாங்கள்.”

எங்கள் சனத்துக்குக் கோர்ட் என்றால் அப்படித்தான். பெயர் வந்தவர் ஒடுங்கி நடக்க வேண்டும். அகதி வழக்கு முடியாத வீட்டில் இதை யார் மறுத்துப் பேசுவது? நானும் நம்பினேன்.

அப்போதுதான் அமெரிக்காவில் இருந்த மச்சாள் ஃபோனில் சொன்னாள்: “இஞ்ச சில இடங்களில லைசன்ஸ் எடுத்தால் துவக்கு கொண்டு திரியலாம். உன்னட்ட கோட்டு ஓடரும் இருக்கு. அங்க கேட்டுப் பாரன்.”

மறுநாளே லீவு போட்டேன். இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் பஸ் ஏறினேன். ஹாண்ட்பாக்கில் துப்பாக்கிக்கு எந்தப் பக்கம், லிப்ஸ்டிக்குக்கு எந்தப் பக்கம் என்று வழியெல்லாம் யோசனை. அவ்வளவு சந்தோஷம்.

கவுன்டரில் இருந்த பொலிஸ்காரிக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். இந்த நாட்டில் பையில் துப்பாக்கி வைத்துக்கொண்டு திரிய உனக்கு ஒருவரும் லைசன்ஸ் தரமாட்டார்கள் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. நான் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறேன் என்று காட்ட, அதுவரை வாசித்தே பாராத உத்தரவை எடுத்து அவளுக்கு முன்னால் உரத்து வாசித்தேன். அவன் கிட்ட வரக்கூடாது. அவன் பேசக்கூடாது. அவன் பின்தொடரக்கூடாது. பாதியில் நிறுத்தி, திரும்பவும் மேலிருந்து வாசித்தேன். நான் செய்யக்கூடாதது என்று அதில் ஒன்றுமே இல்லை.

அப்படியென்றால் நான் பஸ்ஸால் இறங்கத் தேவையில்லையா என்று கேட்டேன். நீ ஏன் இறங்க வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை தமிழ்க்கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பதறிக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, அவன் வந்திட்டான். பின் கதவால போங்கோ.”

“நான் இன்னும் வாங்கி முடியேல்லை, அண்ணை. அவர் இஞ்ச நிண்டால் பொலிசைக் கூப்பிடுங்கோ. அவரைத்தான் பிடிப்பாங்கள்.”

கடை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். கடைக்காரர் ஃபோனில் கை வைத்தார். அதைப் பார்த்ததும் அவன் வெளியே போனான்.

எனக்கோ கடையை விட்டு வர மனமே இல்லை. வீட்டில் இருந்த சாமான்களைக்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்துத் திரும்பவும் வாங்கினேன்.